குரல்கள் அடங்கிய பிறகு

சப்ரகமுவத் தோட்டங்களில் 'அங்கொடை' என்பது நெடுங்காலம் பைத்தியத்தின் மறுபெயராகவே வழங்கியது. 1926 ஆம் ஆண்டு அங்கு மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டபோது, அடைத்து வைப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. லயத்தில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் முதலில் கோடாங்கி, பிறகு தோட்ட டிஸ்பென்சரி, கடைசியில்தான் அங்கொடை.

1931 இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இந்திய மருத்துவர்கள், சர்ப்பகந்தி வேர் மனநோயைத் தணிப்பதை எழுதினர். ஆயினும் உலகின் போக்கை மாற்றியது 1952 இல் பாரிஸில் டிலே, டெனிகர் இருவரும் பயன்படுத்திய குளோர்புரோமசின். குரல்கள் அடங்கின, நோயாளர் வீடு திரும்பினர்.

ஆனால், தான் நோயுற்றிருப்பதை நோயாளி உணர்ந்தாரா? 1973 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒன்பது நாட்டு ஆய்வில், மனச்சிதைவு நோயாளரிடம் மிகப் பரவலாகக் காணப்பட்ட அறிகுறி அந்த உணர்வின்மையே: 97 விழுக்காடு. மருந்து பிரமைகளைத் தணிக்கும்போது தன்னுணர்வும் ஓரளவு மீள்கிறது, எல்லோரிடத்தும் அல்ல. நினைவாற்றல், கவனம், திட்டமிடல் ஆகியவற்றிலோ முன்னேற்றம் சொற்பம். கைநடுக்கத்துக்காகக் கூடவே கொடுக்கப்படும் பென்செக்சால் நினைவை மேலும் மழுங்கச் செய்யக்கூடும்.

கேகாலைப் பகுதி ரப்பர் தோட்டமொன்றில், சிகிச்சை பெற்றுத் திரும்பிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரைச் சந்தித்தேன். "பேய்தான் பிடிச்சிருந்திச்சு, அப்போ என் மனசு என்கிட்ட இல்லை. குளிசை போட்டா அடங்குது. ஆனா கத்தி கையில நிக்கமாட்டேங்குது" என்றார். பால்வெட்டில் பட்டையை மட்டுமே சீவவேண்டும்; கத்தி மரத்தைத் தொட்டால் காயம்.

இவருக்குத் தன்னுணர்வு இல்லை என்பதா? 1990 இல் அந்தனி டேவிட் அதனை மூன்றாகப் பகுத்தார்: நோயை ஒப்புக்கொள்வது, விபரீத அனுபவங்களை விபரீதமென அறிவது, சிகிச்சையை ஏற்பது. 'நோய்' என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. மற்ற இரண்டும் அவரிடம் இருந்தன. தமிழறியாத வைத்தியரின் வினாப்பட்டியலில் இது தப்பிப்போகும்.

மருந்தை நிறுத்துவது வழியல்ல. நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் பெரிது. அளவையும் துணைமருந்தையும் மீளாய்வு செய்யலாம். 1979 இல் வெளியான நான்சி வாக்ஸ்லரின் ஆய்வில், இலங்கை நோயாளர் ஐந்தாண்டுகளின் பின் மேற்குலகத்தாரைவிட நலமாயிருந்தனர். நோய் நீடிக்காதென்ற குடும்பத்தின் நம்பிக்கைக்கு அதில் பங்குண்டு என்பது அவர் கருத்து.

ஆகவே, "குரல் கேட்கிறதா?" என்பதோடு கிளினிக் நின்றுவிடலாகாது. "கத்தி கையில் நிற்கிறதா?" என்றும் கேட்கவேண்டும், அதையும் தமிழில்.