படைக்குச் சோறு



நம் சங்கத்துக் குடும்பங்களிற் பிறந்த பிள்ளைகளுட் சிலர் சேனையிற் சமையற்பணி பூண்டிருப்பதை அவர்தம் பெற்றோரே குரலைத் தாழ்த்திக் கூறுதலை யாம் கேட்டிருக்கின்றோம். வேல் பிடித்தவனுக்குள்ள மதிப்பு அகப்பை பிடித்தவனுக்கு இல்லை என்பது அவர் எண்ணம் போலும். நம் முன்னோர் அங்ஙனம் எண்ணினாரல்லர். போர்மேற் செல்லும் அரசன் வீரர்க்குச் சோறளித்தலைத் தொல்காப்பியனார் வஞ்சித்திணையிற் பெருஞ்சோற்று நிலை எனத் தனித்துறையாகவே வகுத்தார். பாரதப் போரில் இருதிறப் படைக்கும் உணவளித்தான் என்று புறநானூறு போற்றும் உதியஞ்சேரலாதன், அப்பெருஞ்சோற்றையே தன் பெயர்க்கு அடையாகப் பெற்றான்.

இப்பணியின் அருமையை உணராதார் எய்திய கேட்டிற்கு நம் புதுச்சேரியே சான்று.

1758 ஏப்ரல் 28ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்நகரில் வந்திறங்கினார். அன்று மாலையே கடலூரை நோக்கிப் படையை ஏவினார். உணவும் சுமைமாடுகளும் சித்தமாயிருந்தில. இரவில் வழி தவறிய வீரர் மறுநாட் காலையிற் பசித்த வயிற்றோடே கடலூர் எல்லையை அடைந்தனர். அதன்மேல் லாலி செய்தது யாது? சுமை தூக்க ஆளில்லையென்று நகரமாந்தரை வலிந்து பிடித்துச் சுமக்கச் செய்தார். சுமத்தல் இழிவன்று, வலிந்து சுமத்தியதே இழிவு. மக்கள் மனம் கசந்தது.

1760 ஜனவரி 22ஆம் நாள் லாலி வந்தவாசியிற் தோற்றார். பின்னர் ஆங்கிலத் தளபதி கூட் புதுச்சேரியை நிலவழியே வளைத்தார். ஆங்கிலக் கப்பல்கள் கடல்வழியை அடைத்தன. முந்திய ஆண்டில் நீங்கிய பிரெஞ்சுக் கப்பற்படை மீளவேயில்லை. களஞ்சியம் குறையவே, நவம்பர் 27ஆம் நாள் லாலி ஏறத்தாழ 1,400 குடிமக்களை நகருக்கு வெளியே துரத்தினார். ஆணும் பெண்ணும் குழந்தையுமாக அவர்கள் இரு படைக்கும் இடையே எட்டு நாள் பசித்துக் கிடந்தனர். அதன் பின்னரே கூட் வழிவிட்டார். முன்னாள் அப்படைக்கு அரிசி சுமந்த தோள்களும் நீர் வார்த்த கைகளும் அக்கூட்டத்தில் இல்லையென்று யார் சொல்ல வல்லார்?

உள்ளே யானையும் ஒட்டகமும் உணவாயின. நாயொன்று 24 ரூபாய்க்கு விலைபோயிற்று என்ப. 1761 ஜனவரி முதல் நாளில் வீசிய புயல் ஆங்கிலக் கப்பல் பலவற்றை அழித்தது. அப்பொழுதும் நகருக்குள் நெல் வந்திலது. ஜனவரி 16ஆம் நாள் நகரம் ஆங்கிலர் வசமாயிற்று. பீரங்கி திறவாத வாயிலைப் பசி திறந்தது.

இன்றைய இந்தியச் சேனைக்கு உணவுப்பொருள் வழங்கும் படைப்பிரிவு, தான் தோன்றிய நாளாக 1760 டிசம்பர் 8ஐக் கொண்டாடுகின்றது. புதுச்சேரி பசித்திருந்த நாட்களுள் அஃதும் ஒன்று. படைவீரர் உணவை ஆராய்தற்கென்றே 1961இல் மைசூரில் ஓர் ஆய்வுக்கூடமும் நிறுவப்பட்டது. அரசு உணர்ந்ததை நாம் உணர வேண்டாமா?

ஆதலின், பெற்றோர்காள்! நும் மகன் சேனையில் யாது செய்கின்றான் என வினவுவார்க்கு, "படைக்குச் சோறிடுகின்றான்" என்று குரலை உயர்த்தியே கூறுமின்.