46 நாளில் எழுந்த பாலம்

தன்னம்பிக்கையை வளர்க்கும் புத்தகங்களுக்கு இப்போது பஞ்சமே இல்லை. தினமும் "என்னால் முடியும்" என்று சொல்லிக்கொண்டால் போதுமாம். இது பழைய சரக்கு. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு எமில் குவே என்ற மருந்துக்கடைக்காரரைத் தெரியும். 1926-ல் காலமானவர். தான் நாளுக்கு நாள் தேறி வருவதாகக் காலையும் இரவும் 20 தடவை முணுமுணுக்கச் சொன்னார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் கொஞ்ச காலம் முணுமுணுத்துப் பார்த்தன. எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பு இல்லை. நம் பாம்பனில் நடந்ததைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலைப் பற்றி மாரியூர்க் கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தனுஷ்கோடி போயிற்று, பயணிகளோடு ரயிலும் போயிற்று. 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் விழுந்தன. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. ராமேஸ்வரத்துக்கு அப்போது ரோடு கிடையாது. ரோட்டுப் பாலம் வந்தது 1988-ல்தான்.

சீர்செய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். தென்னக ரயில்வே மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். (நான் வேலை பார்த்த ஆபீஸில் மூன்று மாதம் என்று நோட் போட்டால் ஒன்பது மாதம் என்று அர்த்தம்.) பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இன்ஜினியரிடம் வந்தது. வயது 32. வேலை முடிந்தது 46 நாளில்.

அந்த வயதில் அவ்வளவு துணிச்சல் எப்படி வந்தது? அவர் புதிதாக வந்தவர் அல்ல. பம்பாய்த் துறைமுகத்தில் பயிற்சி எடுத்தவர், ரயில்வேயில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். பாலத்தைத் திரும்ப எழுப்பப் புதுக் கர்டர்களுக்கு வெளியூர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பழைய கர்டர்கள் கடலடியில் கிடப்பதாக ஒரு மீனவர் வந்து சொன்னார். இன்ஜினியர் அதைக் காதில் வாங்கினார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தன் திறமையில் சந்தேகம் உள்ள அதிகாரிதான் கீழே உள்ளவன் பேச்சைக் கேட்கக் கூசுவான்.

கர்டர்களை எடுத்துத் தூண்கள்மேல் ஏற்றினார்கள். முதல் கர்டரைத் தூக்கும்போது முடியுமா என்று ஒவ்வொருவனுக்கும் உதறியிருக்கும். அது போய் உட்கார்ந்த பிறகு இரண்டாவதற்கு அந்த உதறல் எங்கே இருக்கும்?

ஆல்பர்ட் பண்டுரா என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1977-ல் எழுதியதும் இதைத்தான். "என்னால் ஆகும்" என்ற எண்ணத்துக்கு வலுவான அடிப்படை, தானே செய்து முடித்த காரியம். தன்னைப் போன்ற ஒருவன் செய்வதைப் பார்ப்பது அதற்கு அடுத்தபடி. பிறர் சொல்லும் தைரியம் அதற்கும் பிறகு. பாம்பைக் கண்டு அலறியவர்களைப் படிப்படியாகப் பாம்பருகில் கொண்டுபோய், கடைசியில் கையிலேயே பிடிக்க வைத்து அவர் இதைச் சோதித்தார். வெறும் முணுமுணுப்பால் யாரும் பாம்பைத் தொட்டிருக்க மாட்டார்கள்!

ஒன்றையும் மறைக்கக் கூடாது. பாலத்தை 46 நாளில் எழுப்பிய அதே ரயில்வே, தனுஷ்கோடிக்குத் திரும்ப லைன் போடவில்லை. அந்த ஊர் குடியிருக்க லாயக்கில்லை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

ஸ்ரீதரனுக்கு ரயில்வே அமைச்சர் விருது கிடைத்தது. கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் அதற்கு வெகுகாலம் கழித்து. அவர் எழுப்பிய பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. பக்கத்தில் கட்டிய புதுப் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள்.