காசநோயும் ஊட்டச்சத்தும்: நோயாளியும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

காசநோய்க்கு மருந்து உண்டு. அதனை இடைவிடாது, குறித்த காலம் முழுவதும் உட்கொண்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர். எனினும், மருந்து தொடங்கிய பின்னரும் சிலர் முதல் சில வாரங்களிலேயே உயிரிழக்கின்றனர். நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்வோரில் சிலருக்குப் பின்னர் இந்நோய் ஏற்படுகிறது. இவ்விரண்டையும் குறைப்பதில் உணவின் பங்கு என்ன என்பதை இந்தியாவில் நடைபெற்ற ஒரு பெரிய ஆய்வு தெளிவுபடுத்தியுள்ளது. அதன் முடிவுகளையும், அவற்றைக் கொண்டு வீட்டில் செய்யக்கூடியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• மருந்து நோய்க்கிருமியை அழிக்கிறது. உணவு உடலுக்கு அதனை எதிர்த்து நிற்கும் வலிமையைத் தருகிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.
• சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை கூடுவது நல்ல அறிகுறி. எடை கூடாவிடில் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.
• நோயாளிக்கு மட்டுமன்றி, குடும்பத்தினர் அனைவருக்கும் போதிய உணவு கிடைப்பது அவர்களை நோயிலிருந்து காக்கிறது.

ஊட்டச்சத்துக் குறைவுக்கும் காசநோய்க்கும் என்ன தொடர்பு?

காசநோய்க் கிருமி காற்றின் வழியே பரவுகிறது. அது உடலுக்குள் நுழைந்த அனைவருக்கும் நோய் உண்டாவதில்லை. பெரும்பாலோரின் உடலில் நோய் எதிர்ப்பாற்றல் அக்கிருமியை அடக்கி வைத்துவிடுகிறது. எதிர்ப்பாற்றல் குன்றும்போது, அடங்கியிருந்த கிருமி பெருகி நோயாக வெளிப்படுகிறது. எச்.ஐ.வி. தொற்று, நீரிழிவு, புகைப்பழக்கம், மதுப்பழக்கம் ஆகியவற்றுடன் ஊட்டச்சத்துக் குறைவையும் காசநோய்க்கு வழிவகுக்கும் முக்கியக் காரணிகளுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது.

இத்தொடர்பு இருவழிப்பட்டது. ஊட்டச்சத்துக் குறைவு காசநோய்க்கு இடமளிக்கிறது. காசநோய் வந்தபின் பசி குறைகிறது, காய்ச்சலால் உடலின் ஆற்றல் செலவு கூடுகிறது, தசை கரைகிறது. நோயாளி வேலைக்குச் செல்ல இயலாததால் வருமானம் குறைந்து, வீட்டில் உள்ள அனைவரின் உணவும் சுருங்குகிறது. இச்சுழலை உடைப்பதற்கு மருந்துடன் உணவும் தேவைப்படுகிறது.

சென்னை ஆய்வு முன்னர் காட்டியது

1950-களில் காசநோயாளிகளைச் சானடோரியத்தில் நீண்ட காலம் தங்கவைத்து, ஓய்வும் நல்ல உணவும் அளிப்பதே சிறந்த சிகிச்சை என்று கருதப்பட்டது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இக்கருத்தைச் சோதித்தது. நோயாளிகளுள் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றவர்கள் தம் வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். வீட்டில் இருந்தவர்களின் உணவு குறைவாக இருந்தபோதிலும், இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு, காசநோய்ச் சிகிச்சையை உலகெங்கும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அம்மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சென்னையில் இயங்குகிறது.

மருந்தை முறையாக உட்கொள்வதே குணமாவதற்கு அடிப்படை என்னும் அம்முடிவு இன்றும் மாறவில்லை. ஆனால், உணவுக்கு முக்கியத்துவம் இல்லை என்று அதனைப் பொருள்கொள்வது தவறு. கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ளவர்களின் உயிரைக் காப்பதிலும், குடும்பத்தினருக்கு நோய் வராமல் தடுப்பதிலும் உணவுக்குள்ள பங்கு தனியே ஆராயப்பட வேண்டியிருந்தது.

புதிய ஆய்வு எவ்வாறு நடத்தப்பட்டது?

‘ரேஷன்ஸ்’ எனப் பெயரிடப்பட்ட இவ்வாய்வு, ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019-இல் தொடங்கி 2022 வரை நடைபெற்றது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் இதற்குத் தலைமை தாங்கினர். சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கேற்றது. முடிவுகள் 2023 ஆகஸ்ட் மாதம் லான்செட் மருத்துவ இதழ்களில் வெளியாயின.

நுரையீரல் காசநோய் உறுதிசெய்யப்பட்ட 2,800 நோயாளிகளும், அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். நோயாளிகள் அனைவருக்கும் வழக்கமான காசநோய் மருந்துகளுடன் மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பொருட்கள் வழங்கப்பட்டன. அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பொடி, எண்ணெய் ஆகியன அதில் அடங்கும். இதன் மூலம் நாள் ஒன்றுக்கு 1,200 கிலோ கலோரி ஆற்றலும் 52 கிராம் புரதமும் கூடுதலாகக் கிடைத்தன. வைட்டமின் மாத்திரைகளும் தரப்பட்டன.

குடும்பத்தினர் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவில் நோயாளிக்கு மட்டுமே உணவுப் பொருட்கள் கிடைத்தன. மற்றொரு பிரிவில் குடும்பத்தினருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம் பருப்பு, வைட்டமின் மாத்திரைகள் ஆகியன வழங்கப்பட்டன. சிறுவர்களுக்கு இதில் பாதி அளவு கொடுக்கப்பட்டது. பின்னர் இரு பிரிவினரிலும் எத்தனை பேருக்குக் காசநோய் ஏற்படுகிறது என்பது கண்காணிக்கப்பட்டது.

ஆய்வின் முடிவுகள்

குடும்பத்தினருக்கு: உணவுப் பொருட்கள் பெற்ற குடும்பங்களில் காசநோய் ஏற்படுவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய, பரிசோதனையில் கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. அதாவது, உணவு உதவி இல்லாதபோது 100 பேருக்கு நோய் வரக்கூடிய இடத்தில், உதவி கிடைத்தபோது ஏறத்தாழ 61 பேருக்கே நோய் வந்தது. சுமார் 30 குடும்பங்களுக்கு உணவு அளித்தால் ஒருவருக்குக் காசநோய் வராமல் தடுக்கலாம் என ஆய்வாளர்கள் கணித்தனர்.

நோயாளிகளுக்கு: ஆய்வில் சேர்ந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேற்பட்டோர் ஊட்டச்சத்துக் குறைவுடன் இருந்தனர். அவர்களுள் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு, எடை கூடாதவர்களைவிட இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. எடை 1 சதவீதம் கூடினாலும் அபாயம் 13 சதவீதம் குறைந்தது.

இம்முடிவுகளை எவ்வாறு புரிந்துகொள்வது?

குடும்பத்தினர் பற்றிய முடிவு, இரு பிரிவுகளை ஒப்பிட்டுப் பெறப்பட்டது. எனவே அது வலுவானது. நோயாளிகளைப் பொறுத்தவரை அனைவருக்கும் உணவு வழங்கப்பட்டதால், உணவு பெறாத நோயாளிகளுடன் ஒப்பிட இயலவில்லை. நோயின் கடுமை குறைவாக இருந்தவர்களுக்கு எடை எளிதாகக் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே, எடை கூடியதனால் மட்டுமே உயிர் காக்கப்பட்டது என்று கூறிவிட இயலாது. எனினும், எடை கூடாத நோயாளிக்குக் கூடுதல் கவனம் தேவை என்பதை இம்முடிவு ஐயமின்றி உணர்த்துகிறது.

உணவுப் பற்றாக்குறை அதிகம் உள்ள ஒரு பகுதியில் இவ்வாய்வு நடைபெற்றது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏற்கெனவே போதிய உணவு உண்பவர்களுக்கு, மேலும் அதிகம் உண்பதால் இதே அளவு பயன் கிடைக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை.

நோயாளியின் எடையைக் கண்காணிப்பது எவ்வாறு?

சிகிச்சை தொடங்கும் நாளில் எடையைக் குறித்து வைக்கவும். பின்னர் மருந்து வாங்கச் செல்லும் ஒவ்வொரு முறையும் எடை பார்க்குமாறு கேட்கவும். 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 சதவீதம் என்பது 2 கிலோ ஆகும். அவர் இரண்டு மாதங்களில் 42 கிலோவை எட்டுவது நல்ல முன்னேற்றம்.

உயரத்துக்கு ஏற்ற எடை உள்ளதா என்பதை உடல் நிறை குறியீட்டெண் காட்டுகிறது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 1.6 மீட்டர் உயரமும் 40 கிலோ எடையும் உள்ளவரின் குறியீட்டெண் 15.6. பெரியவர்களுக்கு இது 18.5-க்குக் கீழ் இருந்தால் ஊட்டச்சத்துக் குறைவு. 16-க்குக் கீழ் இருந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு.

வீட்டு உணவில் செய்யக்கூடியவை

விலையுயர்ந்த சத்துப் பொடிகள் தேவையில்லை. மேற்கண்ட ஆய்வில் வழங்கப்பட்டவை பெரும்பாலும் எளிய உணவுப் பொருட்களே.

• நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு உரிய அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய் ஆகியவற்றைத் தவறாமல் பெறவும்.
• ஒவ்வொரு வேளையும் பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, முட்டை, பால், தயிர், மீன் இவற்றுள் ஒன்றேனும் இடம்பெறட்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. 50 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 12 கிராம் உள்ளது.
• பசி குறைவாக இருந்தால் மூன்று வேளைக்கு மாறாக, ஐந்தாறு முறை சிறிது சிறிதாக உண்ணக் கொடுக்கவும். கஞ்சியில் பால் பொடி, வறுத்த கடலை மாவு, சிறிது எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்தால் குறைந்த அளவிலேயே அதிக ஆற்றல் கிடைக்கும்.
• கீரை, காய்கறி, வாழைப்பழம், கொய்யா போன்ற எளிதில் கிடைப்பனவற்றைச் சேர்க்கவும்.
• மதுவையும் புகையிலையையும் முற்றிலும் தவிர்க்கவும்.
• நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் உணவின் அளவையும் வகையையும் மருத்துவரிடம் கேட்டு அறியவும்.

வீட்டில் இருப்பதைக் கொண்டு நோயாளிக்கு மட்டும் கொடுத்துவிட்டு, தாமும் குழந்தைகளும் குறைத்து உண்ணும் வழக்கம் பல குடும்பங்களில் உள்ளது. அன்பினால் செய்யப்படினும் இது ஆபத்தானது. கிருமி பரவியிருக்க வாய்ப்புள்ள வீட்டில் உணவு குறைந்தவரே அடுத்து நோய்வாய்ப்படக்கூடும்.

குடும்பத்தினருக்கு உணவு மட்டும் போதுமா?

போதாது. நோயாளியுடன் வாழும் அனைவரும் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகியன இருப்பின் காலம் தாழ்த்தக் கூடாது. நோய் இல்லை என உறுதியானவர்களுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் காசநோய்த் தடுப்பு மருந்தை முழுமையாக உட்கொள்ள வேண்டும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

காசநோய் இறப்புகளைக் குறைப்பதற்காகத் தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் கண்டறியப்பட்டவுடன் கடும் நிலையில் உள்ளோரைப் பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கிறது. அத்திட்டத்தில் கவனிக்கப்படும் நிலைகளைக் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நல்லது.

• பிறர் துணையின்றி எழுந்து நிற்க இயலாமை
• நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குதல், அல்லது இரத்த ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் குறைதல்
• மிகக் கடுமையான மெலிவு, அல்லது மெலிவுடன் இரு கால்களிலும் வீக்கம்

இவை தவிர, கண்கள் மஞ்சளாதல், தொடர் வாந்தி, உணவை அறவே வெறுத்தல் ஆகியன மருந்தினால் கல்லீரல் பாதிக்கப்பட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். அன்றே மருத்துவரை அணுகவும். மிகவும் மெலிந்த நோயாளிக்கு ஒரே நாளில் அதிக உணவைப் புகட்டுதல் கூடாது. நெடுநாள் பட்டினியில் இருந்த உடலில் அது உப்புச் சமநிலையைக் குலைத்து உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும். அத்தகையோருக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில் உணவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

கிடைக்கும் அரசு உதவிகள்

நிக்ஷய் போஷன் திட்டத்தின் கீழ், காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை 2024 நவம்பர் முதல் உயர்த்தப்பட்டது. தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவோரும், அரசுப் பதிவில் சேர்க்கப்பட்டிருந்தால் இதனைப் பெறலாம். தன்னார்வலர்கள் உணவுப் பொருட்கள் வழங்கும் நிக்ஷய் மித்ரா திட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. இப்போது நோயாளியின் குடும்பத்தினருக்கும் இவ்வுதவி விரிவுபடுத்தப்பட்டுள்ளது. ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, சிகிச்சை பெறும் காசநோய்ப் பிரிவையோ அணுகவும்.

எடை கூடி, இருமல் நின்று, உடல் தேறியவுடன் நோய் நீங்கிவிட்டதாக எண்ணி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. எத்துணை நல்ல உணவும் கிருமியை அழிக்காது. மருத்துவர் நிறுத்தச் சொல்லும் நாள் வரை மருந்தையும், அதற்குப் பின்னரும் நல்ல உணவையும் தொடரவும். ஐயங்களுக்குக் கட்டணமில்லா காசநோய் உதவி எண் 1800-11-6666 அல்லது தமிழ்நாட்டில் 104-ஐ அழைக்கலாம்.