புள்ளி இல்லாத பல்சக்கரம்: இலஞ்சியில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்வோர் கடந்துபோகும் ஊர் இலஞ்சி. இச்சொல்லுக்குக் குளம் என்றும் மகிழமரம் என்றும் அகராதிகள் பொருள் தரும். இங்குள்ள குமாரர் கோயிலையும் அதன்மீது அருணகிரிநாதர் பாடிய திருப்புகழையும் இலக்கிய அன்பர்கள் நன்கறிவர். ஆயினும் சென்ற சாரல் காலத்தில் நாங்கள் இலஞ்சிக்குச் சென்றது கோயிலை முன்னிட்டன்று. நண்பர் ஒருவர் தம் தந்தையார் ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை மீண்டும் ஓடவைத்திருந்தார். அது ஓடியது, ஆனால் ஏறவில்லை. அதுவே எங்களை அங்கு வரவழைத்தது.

என்ஜின் முழுவதும் பிரித்துக் கட்டப்பட்டிருந்தது. உருளைகளுக்குப் போர் போட்டு, கிராங்கைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் புதிய டைமிங் செயினும் அதற்குரிய புதிய பெரிய பல்சக்கரமும் பூட்டியிருந்தார்கள். சமதளத்தில் வண்டி அமைதியாகவே சென்றது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறத் தொடங்கியதும் இரண்டாம் கியரிலேயே மூச்சு வாங்கியது. கார்புரேட்டரை மாற்றிப் பார்த்தார்கள். தீப்பொறியின் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்கள். பயன் இல்லை. தந்தையின் வண்டியை விற்றுவிடலாம் என்னும் முடிவுக்கு நண்பர் வந்திருந்தார். அந்நிலையில் முதிய மெக்கானிக் ஒருவர் வந்து, என்ஜின் ஓடும் ஒலியைச் சற்றுநேரம் கேட்டுவிட்டு, "முன்மூடியக் கழத்துங்க தம்பி, செயினப் பாப்போம்" என்றார்.

அவர் கண்டது என்ன என்பதைச் சொல்வதற்கு முன், அந்தச் சங்கிலியின் வரலாற்றையும் அந்த வண்டியின் வரலாற்றையும் சற்றே பார்த்துவிடுவது நலம்.

என்ஜினின் அடியில் சுழல்வது கிராங்க்; பிஸ்டன்களை மேலும் கீழும் இயக்குவது அதுதான். பக்கவாட்டில் சுழல்வது கேம் தண்டு. வால்வுகளைத் திறப்பது அது. கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் தண்டு ஒருமுறை சுற்ற வேண்டும். ஆகவே கிராங்கின் பல்சக்கரத்தைப்போல் இருமடங்கு பற்கள் கேம் தண்டின் சக்கரத்தில் இருக்கும். இவ்விரண்டையும் பிணைப்பதே டைமிங் செயின். இது இழுத்துச் செல்லும் சங்கிலி என்பதைவிடக் காலத்தைப் பிணைக்கும் சங்கிலி என்பதே பொருந்தும். பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது வால்வு திறக்க வேண்டும் என்பதை வேறெதுவும் அங்கே முடிவு செய்வதில்லை.

சங்கிலியால் காலத்தைப் பிணைப்பது பழைய எண்ணம். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்தின் கைஃபெங் நகரில் சூ சோங் எழுப்பிய வானியல் மணிக்கூண்டிலேயே முடிவில்லாச் சங்கிலி ஒன்று இயங்கியது. நாம் இன்று காணும் உருளைச் சங்கிலியோ மான்செஸ்டரில் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் 1852இல் பிறந்த ஹான்ஸ் ரெனால்டு, 1879இல் சால்ஃபோர்டில் நெசவாலைகளுக்குச் சங்கிலி செய்த சிறு பட்டறை ஒன்றை விலைக்கு வாங்கினார். அக்காலச் சங்கிலிகளில் மெல்லிய ஊசிகளே பளு முழுவதையும் தாங்கி விரைவில் தேய்ந்தன. ஊசியின்மீது குழல், குழலின்மீது சுழலும் உருளை என அமைத்துப் பளுவைப் பரவலாக்கினார் அவர். 1880இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் அந்தச் சங்கிலியின்மேல் ஏறி வந்தவையே.

அந்த மரபு தமிழகத்துக்கும் வந்தது. அம்பத்தூரில் முருகப்பா குழுமம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்து டைமண்ட் செயின் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1960இல் டி.ஐ. டைமண்ட் செயினைத் தொடங்கியது. ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானத்தில் விசிறிகளைச் சுழற்றிய சங்கிலிகள் அந்த இண்டியானாபோலிஸ் பட்டறையிலிருந்து சென்றவை. கோவையில் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தார் ரோலான் என்னும் பெயரில் சங்கிலிகள் செய்து புகழ்பெற்றனர். ஆக, பழைய வண்டிக்குச் சங்கிலி தேடி நம்மவர் கடல் கடக்க வேண்டிய நிலை இல்லை.

வண்டியின் கதை சென்னையில் தொடங்குகிறது. 1948இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து தோன்றியது. அதன் ஆலை வண்டலூருக்கு அருகில் இருந்தது. 1953இல் மைய அரசு, வெளிநாட்டு உறுப்புகளைப் பூட்டி விற்பதோடு நிற்காமல் இங்கேயே படிப்படியாக உற்பத்தி செய்ய உறுதியளிப்போர்க்கே இனி இடம் என்று வகுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விலகின. கார் உலகில் கல்கத்தாவின் இந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்றுமே பல்லாண்டுகள் ஆண்டன.

ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளியானது. அதன் உருவை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கலோட்டி. சென்னையில் 1961இல் அது வந்தது. இங்கிலாந்தில் அதே ஆண்டே 1147 சி.சி. என்ஜினையும் கொண்டுவந்தார்கள், பின்னர் 1296 வரை ஏறினார்கள். நம் நாட்டிலோ 948 சி.சி.யே கடைசிவரை நின்றது. என்ஜினை வளர்க்க முடியாத சென்னைத் தொழிலாளர் உடலை வளர்த்தனர்: இங்கிலாந்து ஒருநாளும் செய்யாத நான்கு கதவு ஹெரால்டை 1960களின் இறுதியில் அவர்கள் செய்தனர். 1970களில் வந்த கெசல் வண்டியிலும் அதே என்ஜின்தான். 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்னும் பெரிய வண்டியை வெளியிட்டுப் பார்த்தார்கள்; அது கைகொடுக்கவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது.

இனி அந்த மூடிக்குத் திரும்புவோம். மூடியைக் கழற்றிய முதியவர் பெரிய பல்சக்கரத்தைக் காட்டினார். அதில் புள்ளி ஏதும் இல்லை. இதுதான் சிக்கலின் வேர்.

நம் ஊர்ப் பட்டறைகள் பெரும்பாலும் அம்பாசிடரில் கைபழகியவை. 2014வரை செய்யப்பட்ட வண்டி அது. அதன் பழைய பி.எம்.சி. என்ஜினில் கேம் சக்கரம் ஒரு சாவிக்கட்டையால் தண்டோடு பூட்டப்படும். ஒரே நிலையில்தான் அமரும். சக்கரங்களில் குழிப்புள்ளிகள் இருக்கும். இரு புள்ளிகளையும் எதிரெதிரே நிறுத்திச் செயினை மாட்டினால் வேலை முடிந்தது. புதுச் சக்கரம் வாங்கினாலும் புள்ளியோடுதான் வரும். அங்கே புள்ளி என்பது விதி.

ஸ்டாண்டர்ட் குடும்ப என்ஜின்களில் வழக்கம் வேறு. கேம் சக்கரத்தில் நான்கு துளைகள் உண்டு. அவற்றுள் எதிரெதிரான இரண்டில் மட்டுமே போல்ட் ஏறும். ஆலையில் ஒவ்வோர் என்ஜினுக்கும் வால்வு நேரத்தை அளந்து வைத்த பிறகே, அந்த இணைக்கு உரியதாக இரு சக்கரங்களிலும் கோடு கீறிக் குத்துப்புள்ளியும் இடுவார்கள். அங்கே புள்ளி விதியன்று. நடந்துமுடிந்த வேலையின் சாட்சி. சக்கரத்தை மாற்றினால் சாட்சியும் போய்விடும். நண்பரின் வண்டியைக் கட்டியவர்கள் பழைய சக்கரத்தின் அடையாளத்தைக் கண்ணளவில் புதியதற்கு மாற்றிப் பூட்டியிருந்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேறொரு வண்டியின் இலக்கணத்தை இதற்குப் பொருத்திவிட்டார்கள், அவ்வளவே.

பிழையின் அளவு சிறிதன்று. கேம் சக்கரத்தில் 38 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பல் தவறினால் கேம் தண்டு ஏறத்தாழ ஒன்பதரைப் பாகை விலகும். கிராங்கின் கணக்கில் 19 பாகை. வால்வு அவ்வளவு தாமதமாக மூடினால், ஏற்றத்தில் மெதுவாகச் சுழலும்போது உள்ளிழுத்த கலவையின் ஒரு பகுதி வந்தவழியே திரும்பிப் போய்விடும். வேகமாக ஓடுகையில் இது அவ்வளவு தெரியாது. வண்டி ஓடியதற்கும் ஏறாததற்கும் காரணம் இதுவே.

சரி, புள்ளி இல்லாத சக்கரத்தை எவ்வாறு வைப்பது? "மார்க்க நம்பாதீங்க தம்பி. வால்வக் கேளுங்க, அது சொல்லும்" என்றார் முதியவர். அவர் செய்ததை வரிசையாகத் தருகிறோம்.

முதலில் ஒன்றாம் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தார். உச்சியில் பிஸ்டன் சற்றுநேரம் நின்றதுபோலத் தோன்றும். ஆகவே கண்ணால் உச்சியை அறிய இயலாது. உச்சிக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் பிஸ்டன் ஒரே உயரத்தில் நிற்கும் இரு இடங்களைக் கிராங்க் கப்பியில் குறித்து, அவற்றின் நடுவைப் பிடித்தார். அடுத்துச் செயினைக் கழற்றிய நிலையில் நான்காம் உருளைக்குரிய ஏழாவது, எட்டாவது வால்வுகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் சமமாகவும் இடைவெளி வைத்தார். ஒன்றாம் உருளையில் தீப்பற்றும் தருணத்தில் நான்காம் உருளையில் வெளிவால்வு மூடிக்கொண்டும் உள்வால்வு திறந்துகொண்டும் இருக்கும். இந்த என்ஜினின் கேம், உள்வால்வு உச்சிக்கு எத்தனை பாகை முன் திறக்கிறதோ அத்தனை பாகை பின்னால் வெளிவால்வு மூடும்படி கடையப்பட்டது. ஆகவே சரியாக உச்சியில் இரண்டு வால்வுகளும் சம அளவில் திறந்து, தராசுத் தட்டுகள்போல் நிற்க வேண்டும். கேம் தண்டை மெல்லத் திருப்பி, ஃபீலர் தகடு இரண்டிலும் ஒரே இறுக்கத்தில் நுழையும் இடத்தில் நிறுத்தினார்.

இப்போது இரு தண்டுகளும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. இரண்டையும் அசைக்காமல் சக்கரத்தைச் செயினோடு பொருத்த வேண்டும். துளையும் துளையும் நேர்ப்படவில்லை என்றால்? இங்குதான் அந்த நான்கு துளைகளின் நுட்பம் விளங்கியது. 38 பற்களை நான்கால் வகுத்தால் ஒன்பதரை. சக்கரத்தைக் கால்சுற்றுத் திருப்பிப் பூட்டினால் அரைப் பல் நகர்ந்திருக்கும். முன்பக்கத்தைப் பின்பக்கமாகப் புரட்டிப் பூட்டினால் கால் பல். புரட்டியபின் கால்சுற்றுத் திருப்பினால் முக்கால் பல். 19 பாகைப் படி, ஐந்து பாகைக்கும் குறைவான படியாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு கருவியும் கூடுதலாக வேண்டியதில்லை. நான்கு துளைகளின் இடம் ஒன்றே போதும். முதியவர் சக்கரத்தைப் புரட்டியபோது துளைகள் நேராயின. போல்ட்டை முடுக்கிப் பூட்டுத்தகட்டை மடக்கினார். கிராங்கைக் கையால் இருமுறை முழுச்சுற்றுச் சுற்றி, வால்வுகளை மறுபடி அளந்தார். தராசு சமமாகவே நின்றது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஏட்டுச்சுவடிகளின் நினைவு வந்தது. சுவடியில் எழுத்துச் சிதைந்த இடத்தில் உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் முதலில் பிற பிரதிகளைத் தேடினார்கள். யாப்பும் பொருளும் எதை ஏற்கும் என்றும் பார்த்தார்கள். எழுதியவன் கை அழிந்தாலும் எழுத்து எதற்குக் கட்டுப்பட்டதோ அது அழிவதில்லை. வண்டலூரில் கோடு கீறிய கைகள் ஓய்ந்து நெடுங்காலம் ஆகிறது. அவர்கள் எதை அளந்து கீறினார்களோ அது என்ஜினுக்குள் இன்னும் இருக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள்தாம் குறைந்து வருகிறார்கள். ஆங்கிலத்தில் அச்சான கையேடுகளை நம் பட்டறைகளில் படித்தவர் சிலரே. மற்றவர்க்கு இவ்வறிவு குருவின் அருகில் நின்று வந்தது. அதனைத் தமிழில் எழுதி வைத்தோர் அரியர். இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் எண்ணெய் வாசம் வீசும் ஒரு கட்டுரையை நாங்கள் இடுவதற்கு அதுவே காரணம்.

மறுநாள் காலை வண்டி ஆரியங்காவு ஏறியது. பந்தயக் கார்போல் பாய்ந்தது என்று சொல்லமாட்டோம், 948 சி.சி. எவ்வளவு ஏறுமோ அவ்வளவு, ஆனால் திணறாமல் ஏறியது. விற்பதைப் பற்றி நண்பர் பிறகு பேசவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்தோம். மூடியை மாட்டுமுன் முதியவர் கூரான குத்தூசியை எடுத்து இரு சக்கரங்களுக்கும் குறுக்கே நேராக ஒரு கோடு கீறினார். கேம் தண்டின் முனையிலும் சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி குத்தினார். மார்க்கை நம்ப வேண்டாம் என்றவர் தாமே மார்க் வைப்பது ஏன் என்று கேட்டோம். "அடுத்தாப்புல தொறக்குறவனுக்கு" என்றார்.