மதுரை வீதியிலிருந்து மோதிர விரல் வரைக்கும் - ஒரு வைரக்கதை

வர்ற தை மாசம் அடியேனுக்கு நிச்சயதார்த்தம். (வாழ்த்தெல்லாம் அப்புறமா வாங்கிக்கறேன் :-)) பொண்ணுக்கு வைர மோதிரம் போடலாமா, போடறதுன்னா எப்படிப் பாத்து வாங்கறதுன்னு தேட ஆரம்பிச்சேன். நாலு கடை விலையைப் பாக்கப் போனவன், கடைசியில முந்நூறு வருஷம் பின்னாடி சென்னைக் கோட்டைக்குள்ள போய் நின்னேன். மேட்டர் சுவாரசியமா இருந்ததால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கங்க.

முதல்ல எங்க ஊர் நிலவரம். பாப்பிரெட்டிப்பட்டில நிச்சயம்னா தட்டு மாத்தறது, வெத்தலை பாக்கு, பூ, புடவை. மோதிரம் போட்டாலும் தங்க மோதிரம்தான். வைரம்னு பேச்செடுத்தா "கல்லுக்கு எதுக்குடா காசைக் கொட்டற?"ன்னு அம்மா ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க.

இது கஞ்சத்தனம் இல்லீங்க, கணக்கு. மஞ்சளும் மரவள்ளியும் போடற ஊரு. நட்டா எட்டு ஒம்பது மாசம் காத்திருக்கணும். நடுவுல உரம், ஆள்கூலி, பசங்க ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் வரும். அப்ப பீரோவுல இருக்கற நகை பேங்குக்குப் போகும், அறுவடை ஆனதும் திரும்பி வரும். நகைக்கடன் குடுக்கும்போது கல்லு எடையைக் கழிச்சுட்டு தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்புப் போடுவாங்க. அந்தத் தராசுக்கு முன்னாடி பச்சைக்கல்லும் ஒண்ணுதான், வைரமும் ஒண்ணுதான். ரெண்டும் ஜீரோ.

அப்ப வைரம் நமக்கு சம்பந்தமே இல்லாத வெளிநாட்டுச் சமாச்சாரமா? அங்கதான் கதை திரும்புது.

சிலப்பதிகாரத்துல ஊர்காண் காதைன்னு ஒரு பகுதி. கண்ணகியை மாதரி கிட்ட விடறதுக்கு முன்னாடி கோவலன் தனியா மதுரையைச் சுத்திப் பாக்கறான். அதுல ரத்தினக் கடைத்தெரு வருது. அங்க விக்கற வைரத்தைப் பத்தி இளங்கோ சும்மா "ஜொலிச்சுது"ன்னு சொல்லிட்டுப் போகலை. என்னென்ன குத்தம் இருக்கக்கூடாதுன்னு பட்டியலே போடறாரு. காகபாதம், களங்கம், விந்து, ஏகைன்னு நாலு. காக்கா கால் மாதிரி விரிசல், அழுக்கு மாதிரி கறை, புள்ளி, கோடு. அதோட நிறத்தை வச்சும் நாலு வகையாப் பிரிக்கறாரு.

இன்னிக்கு நகைக்கடையில பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸைக் கண்ணுல வச்சுக்கிட்டு "சார், கிளாரிட்டி"ம்பாங்களே, அதுவும் இதேதான். வெட்டு, நிறம், தெளிவு, காரட்டுன்னு 'நாலு சி' சொல்லித்தர்றது அமெரிக்காவுல 1931ல ராபர்ட் ஷிப்லி ஆரம்பிச்ச ஜிஐஏ. நிறத்துக்கு டி-யில ஆரம்பிச்சு இசட் வரைக்கும் எழுத்துக் குடுக்கற முறையை அவங்க 1953ல கொண்டாந்தாங்க. அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஏ, பி, சி-ன்னு இஷ்டத்துக்குத் தரம் போட்டுக்கிட்டிருந்ததால, குழப்பமே வேணாம்னு டி-யில தொடங்கினாங்களாம். அட்டவணை புதுசு. ஆனா குத்தம் பாத்து வாங்கற கண்ணு நம்ம ஊர்ல பழசு.

எடை போடறதும் அப்படித்தான். காரட்ங்கற பேரு கேரப் மரத்து விதையிலேர்ந்து வந்தது. இங்க அதே வேலைக்கு மஞ்சாடி விதை. பதினேழாம் நூத்தாண்டுல கோல்கொண்டா சுரங்கத்துக்கு வந்த பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே, அங்க வைரத்தை 'மாங்கெலின்'ங்கற எடையில நிறுக்கறாங்கன்னு எழுதி வச்சிருக்காரு. நம்ம மஞ்சாடிதான் ஐரோப்பியர் வாயில அப்படி ஆயிடுச்சு. ஒரு மாங்கெலின் ஒரு காரட்டுக்குக் கொஞ்சம் மேல, இடத்துக்கு இடம் மாறும். காரட்டுன்னா சரியா 200 மில்லிகிராம்னு உலகம் முடிவு பண்ணினதே 1907லதான்.

இன்னொரு விஷயம். 1720கள்ல பிரேசில்ல வைரம் கிடைக்கற வரைக்கும், போர்னியோவை விட்டா உலகத்துக்கே வைரம் போனது இந்தியாவுலேர்ந்துதான். முக்கியமா கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்கள். அந்தக் கல்லு கப்பல் ஏறின முக்கியமான வாசல்கள்ல ஒண்ணு, நம்ம சென்னை.

மண்ணடிப் பக்கம் போனவங்களுக்கு பவளக்காரத் தெரு தெரியும். அந்தப் பேர் எப்படி வந்துச்சு? லண்டன்லேர்ந்து வந்த போர்ச்சுகீசிய யூத வியாபாரிகள் மத்தியதரைக்கடல் பவளத்தை மெட்ராஸுக்குக் கொண்டாந்து வித்து, பதிலுக்கு கோல்கொண்டா வைரத்தை வாங்கிட்டுப் போவாங்க. பவளம் உள்ள, வைரம் வெளிய. தெரு பேர்ல பவளம் மட்டும் தங்கிடுச்சு.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கும் வைரம்னா உசுரு. காரணம் அழகு இல்லை. இங்க (எப்படியோ) சம்பாதிச்ச பணத்தை இங்கிலாந்துக்கு எப்படிக் கொண்டு போறது? மூட்டை மூட்டையா வராகனைக் கப்பல்ல ஏத்த முடியுமா? ஒரு கைப்பிடி வைரம் போதும். அந்தக் காலத்து வெளிநாட்டு மணியார்டர்னு வச்சுக்கங்க. 1687லேர்ந்து 1692 வரைக்கும் புனித ஜார்ஜ் கோட்டை கவர்னரா இருந்த எலிஹு யேல் வைர வியாபாரத்துல பெரிய கை. அவர் குடுத்த நன்கொடைக்காகத்தான் 1718ல ஒரு அமெரிக்கக் கல்லூரி அவர் பேரை வச்சுக்கிச்சு. ஆமாங்க, அதே யேல்தான்.

அவருக்குச் சில வருஷம் கழிச்சு கவர்னரா வந்தவர் தாமஸ் பிட். 1702 வாக்குல ஜாம்சந்த்ங்கற வைர வியாபாரி 400 காரட்டுக்கு மேல இருந்த ஒரு பட்டை தீட்டாத கல்லை அவர்கிட்ட கொண்டாந்தாரு. முதல்ல கேட்ட விலை 2 லட்சம் வராகன். பேரம்னா பேரம், அப்படி ஒரு பேரம். கடைசியில 48,000 வராகனுக்கு முடிஞ்சுது. நம்ம ரங்கநாதன் தெரு பேரமெல்லாம் ஜுஜுபி! லண்டன்ல பட்டை தீட்டினதுக்கப்புறம் நின்னது 140 காரட் சொச்சம். விக்கற வரைக்கும் திருட்டுப் பயத்துல பிட் ஒரே வீட்டுல ரெண்டு ராத்திரி சேர்ந்தாப்புல தூங்க மாட்டாருன்னு ஒரு கதை உண்டு. 1717ல பிரான்ஸ் நாட்டு ரீஜண்டுக்கு 1,35,000 பவுனுக்கு வித்தாரு. வாங்கினதைப் போல ஆறு மடங்குக்கு மேல. பேரன் இங்கிலாந்துக்குப் பிரதமராவே ஆனாரு. அந்த ரீஜண்ட் வைரம் பின்னாடி நெப்போலியன் வாளுல ஏறி, இப்ப பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு. 2025 அக்டோபர்ல அங்க நடந்த நகைத் திருட்டுலயும் தப்பிச்சுக்கிச்சு. கெட்டிக் கல்லு!

கவனிச்சீங்களா? இதுவரைக்கும் சொன்ன கதையில கல்யாண மோதிரமே வரலை. 1477ல ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன், பர்கண்டி மேரிக்கு வைர மோதிரம் குடுத்தாருன்னு சொல்றாங்க. ஆனா அதெல்லாம் ராஜா வீட்டு விஷயம். சாமானியன் வரைக்கும் இறங்கி வரணும்னா கல்லு மலிவாகணும். அது நடந்தது தென்னாப்பிரிக்காவுல. 1870 வாக்குல கிம்பர்லில வைரம் கொட்ட ஆரம்பிச்சுது. இவ்வளவு வந்தா விலை விழுந்துடுமேன்னு சுரங்கங்களை ஒரே கைக்குள்ள கொண்டாற 1888ல செசில் ரோட்ஸ் உருவாக்கின கம்பெனிதான் டி பீர்ஸ்.

இந்த அலை தமிழ்நாட்டுக்கும் வந்துச்சு, ஆனா விரலுக்கு வரலை. காதுக்கும் மூக்குக்கும் வந்துச்சு. ஏழு கல் தோடு, எட்டுக்கல் பேசரி. பழைய வீடுகள்ல பாட்டிங்க பெருமையா "இது ப்ளூ ஜாகர்"னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஜாகர்னா என்னன்னு தேடினா அசந்துட்டேன். தென்னாப்பிரிக்காவுல ஜாகர்ஸ்ஃபான்டைன்னு ஒரு சுரங்க ஊரு. நீலம் தட்டின வெள்ளைக் கல்லுக்குப் பேர் போனது. சுரங்கத்தை 1971லயே மூடிட்டாங்க. அந்த ஊர் பேர் நம்ம பாட்டிங்க வாயில இன்னும் வாழுது. உலகத்துக்கே வைரம் குடுத்த நாடு, ஆப்பிரிக்கச் சுரங்கத்தோட பேரைச் சொல்லித் தரம் பேச ஆரம்பிச்சது இப்படித்தான்.

மோதிரம் எப்ப வந்துச்சு? 1930கள்ல அமெரிக்காவுல பொருளாதார மந்தம், வைரம் விக்கலை. 1938ல டி பீர்ஸ் தரப்பு என்.டபிள்யூ. அயர்ங்கற விளம்பரக் கம்பெனியைப் பிடிச்சுது. 1947ல அங்க வேலை பாத்த ஃப்ரான்சஸ் கெரட்டி, வைரம் என்னைக்கும் நிலைக்கும்ங்கற அர்த்தத்துல அந்த உலகப் புகழ் வரியை எழுதினாங்க. (அந்தம்மா கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலைங்கறது தனிக்கதை.) மாப்பிள்ளை ரெண்டு மாசச் சம்பளத்தை மோதிரத்துக்குப் போடணும்ங்கற 'சம்பிரதாயமும்' விளம்பரத்துலேர்ந்து வந்ததுதான். இதே வித்தையை ஜப்பான்லயும் காட்டினாங்க. 1967ல அங்க வைர மோதிரம் போட்ட மணப்பொண்ணுங்க 5 சதவீதம் கூட இல்லை. 1981ல 60 சதவீதம். பதினாலே வருஷத்துல ஒரு சம்பிரதாயம் ரெடி!

ஆக, மதுரை வியாபாரிக்கு அது குத்தம் பாத்து வாங்கற சரக்கு. யேலுக்கும் பிட்டுக்கும் ஊருக்குப் பணம் அனுப்பற வழி. பாட்டிக்கு அந்தஸ்து. நமக்கு மட்டும் 'காதலோட அளவுகோல்'. கல்லு மாறலை, விக்கறவன் சொல்ற கதைதான் மாறியிருக்கு. அதுக்காக வைரமே வேணாம்னு சொல்லலை. அழகு அழகுதான். கதைக்குக் காசு குடுக்காம கல்லுக்குக் காசு குடுக்கலாம்ங்கறேன்.

எனக்காக நான் போட்டு வச்சிருக்கற கணக்கு இது:

1. மின்னறது முக்கியமா வெட்டைப் பொறுத்தது. பெரிய கல்லை விட நல்லா வெட்டின சின்னக் கல்லு மேல்.

2. மஞ்சத் தங்கத்துல பதிச்சா நிறத்துல ஒண்ணு ரெண்டு படி கீழ இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெறும் கண்ணுக்குத் தெரியாத காகபாதத்துக்கும் விந்துவுக்கும் பயந்து பணத்தைக் கொட்ட வேண்டாம்.

3. அரை காரட், ஒரு காரட்டுன்னு முழு எண்ணுல விலை எகிறும். 0.90ல நின்னா பர்ஸ் தப்பிக்கும்.

4. சர்டிஃபிகேட் கட்டாயம். திரும்ப எடுத்தா என்ன குடுப்பீங்கன்னு எழுதி வாங்கணும். அந்தப் பதில்லயே இது முதலீடா செலவான்னு புரிஞ்சுடும்.

5. லேப்ல வளர்த்த வைரமும் அதே கார்பன்தான். அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1954லயே செஞ்சுடுச்சு. 2023 பட்ஜெட்டுக்கப்புறம் இந்த ஆராய்ச்சிக்குன்னே நம்ம ஐஐடி மெட்ராஸுக்கு அஞ்சு வருஷத்துக்கு 242 கோடி ஒதுக்கியிருக்காங்க. விலை ரொம்பக் கம்மி. திரும்ப விக்கலாம்னு மட்டும் நம்பாதீங்க.

6. போட்டுக்கப் போறவங்களைக் கேளுங்க. 'சர்ப்ரைஸ்'ங்கறதும் கடைக்காரருக்குத்தான் லாபம்.

ஆறாவதை நான் செஞ்சுட்டேன். "சின்னதா ஒண்ணு போதும், ஆனா இஎம்ஐ போட்டு வாங்காதீங்க. மிச்சத்துக்கு அத்தை சொல்றபடி தங்கமா வாங்கிடலாம்"னு பதில் வந்துச்சு. அத்தைன்னா எங்கம்மா! மாமியார் மருமக கூட்டணி இப்பவே அமைஞ்சுடுச்சு, நான்தான் எதிர்க்கட்சி :-)

உங்க வீட்டுல பழைய ப்ளூ ஜாகர் தோடு, பேசரி ஏதாச்சும் இருந்தா, யாரு எப்ப எங்க வாங்கினதுன்னு பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சுக்கங்க. கல்லு எத்தனை தலைமுறை வேணா தாங்கும். அதோட கதை தாங்காது.

வர்ட்டா?