மலிவு வேகத்தின் மெய்யான விலை: அமெரிக்க ஹாட் ராட் வரலாறு

பழைய காரின் எடையைக் குறைத்து, எஞ்சினைத் திருத்தியோ மாற்றியோ, வேகத்துக்காகக் கைப்பட அமைக்கும் வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயர். அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் 1920களிலும் 1930களிலும் வேரூன்றிய இந்தப் பழக்கம், கையில் காசில்லாத இளைஞனின் பந்தயக் கார் என்ற பெயரோடு வளர்ந்தது. அந்தப் பெயருக்கு நியாயம் உண்டு. ஆனால் வண்டி மலிவாக முடிந்ததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. பிறர் வாங்கி ஓட்டித் தேய்த்துக் கழித்த கார்கள் ஏராளமாகக் கிடைத்தன. கட்டியவர் தம் உழைப்புக்குக் கூலி எழுதவில்லை. அவருக்குத் தெரியாத வேலையை நண்பர் ஒருவர் செய்து கொடுத்தார். இந்த மூன்றில் எது குறைந்தாலும் அந்த இடத்தைப் பணம் நிரப்ப வேண்டியிருந்தது. ஹாட் ராடின் நூறாண்டு வரலாற்றை இந்தக் கணக்கின் வழியாகவே தெளிவாகப் பார்க்க முடியும்.

காயலான் கடையில் தொடக்கம்

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை மாடல் டி கார்களை 1.5 கோடிக்கு மேல் தயாரித்தது. 1925இல் இருவர் அமரும் ரன்அபவுட் வகையின் விலை 260 டாலர். நாளுக்கு 6 டாலர் வாங்கிய ஃபோர்டு ஆலைத் தொழிலாளிக்கு அது ஏறத்தாழ 43 நாள் சம்பளம். புது வண்டிக்கே இவ்வளவுதான் என்றால் பத்தாண்டு ஓடிய வண்டியின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அடுத்து வந்த மாடல் ஏ 1931க்குள் 48 லட்சத்துக்கும் மேல் விற்றது. பெருமந்தக் காலத்தில் இந்த இரண்டு வகைக் கார்களும் காயலான் கடைகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் குவிந்து கிடந்தன.

முதல் கட்ட வேகத்துக்குக் காசே தேவைப்படவில்லை. மட்கார்டு, பானட், மேற்கூரை, பக்கவாட்டுக் கால்மிதி ஆகியவற்றை ஒரு ஸ்பேனர் கொண்டு கழற்றிவிட்டால் வண்டியின் எடை குறையும். அதே எஞ்சின் அதே பெட்ரோலில் கூடுதல் வேகம் தரும். செலவு அதற்கடுத்த கட்டத்தில் தொடங்கியது. மாடல் டியின் எஞ்சின் தந்தது சுமார் 20 குதிரைத்திறன் மட்டுமே. அதற்கு மேல் வேண்டியவர்கள் ராஜோ, ஃப்ரான்டெனாக் போன்ற தனி சிலிண்டர் ஹெட்டுகளை வாங்கினர். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் எட் வின்ஃபீல்ட் தயாரித்த கார்புரேட்டர்களும் கேம் ஷாஃப்ட்டுகளும் பேர்பெற்றவை. அருகிலிருந்த பெல் நகரில் ஜார்ஜ் வைட் நடத்திய கடை, பழைய பாகங்களோடு பந்தயப் பாகங்களையும் விற்றது. பிற்காலத்தில் பெல் என்ற பெயரில் உலகெங்கும் விற்ற ஹெல்மெட்டுகளின் பிறப்பிடம் இக்கடையே.

1932இன் வி-8

1932 மார்ச் இறுதியில் ஃபோர்டு வெளியிட்ட வி-8 எஞ்சின் எல்லாக் கணக்கையும் மாற்றியது. அதுவரை எட்டு சிலிண்டர் எஞ்சின் வசதி படைத்தவர்களின் கார்களுக்கே உரியதாக இருந்தது. எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்க்கும் முறையைச் செலவு கட்டுப்படியாகும் விதத்தில் ஃபோர்டு ஆலை கண்டறிந்தது. 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட இந்த எஞ்சினோடு 1932இன் ரோட்ஸ்டர் 460 டாலருக்கு விற்றது. சாதாரணக் குடும்பங்கள் வாங்கிய வண்டி என்பதால், சில ஆண்டுகளிலேயே விபத்தில் சிக்கியவையும் தேய்ந்தவையும் காயலான் கடைக்கு வரத் தொடங்கின. எடை குறைந்த மாடல் ஏ பாடியை வி-8 எஞ்சினோடு சேர்ப்பது ஹாட் ராட் கட்டுவோரின் வழக்கமான சூத்திரமாயிற்று.

ஃபோர்டின் பாகங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றோடொன்று பெருமளவு பொருந்தின. 1936 முதல் 1938 வரை ஃபோர்டு வி-8 கார்களில் வந்த ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர் இரண்டை ஒரே எஞ்சினில் பொருத்தலாம். ஃபோர்டு 1939 மாடலிலிருந்து கம்பியால் இயங்கும் பிரேக்கை விட்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. அந்த பிரேக்கைக் கழற்றிப் பழைய ஆக்ஸிலில் மாட்டலாம். பின்னாளில் வந்த மெர்க்குரி காரின் கிராங்க் ஷாஃப்ட்டைப் போட்டால் பிஸ்டனின் வீச்சு 3¾ அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகக் கூடும். இவை எல்லாம் ஃபோர்டு பெருந்தொகையில் தயாரித்த பாகங்கள் என்பதால்தான் மலிவாகக் கிடைத்தன.

இந்த எஞ்சினில் ஒரு குறை மறைந்திருந்தது. புகை வெளியேறும் வழிகள் எஞ்சின் பிளாக்கின் உள்ளேயே, குளிரூட்டும் நீரின் நடுவே சென்றதால் நீர் எளிதில் சூடேறியது. ஓடித் தேய்ந்த எஞ்சின்களில் வால்வு அமரும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் இடையே மயிரிழை போன்ற விரிசல் விடுவது சகஜம். கழுவித் துடைத்து உற்றுப் பார்த்தாலும் அது கண்ணுக்குத் தப்பிவிடும். விரிசலைக் கவனிக்காமல் சிலிண்டரைப் போர் செய்து, புது பிஸ்டன் போட்டு, ஹெட்டையும் ஃபேஸிங் செய்த பிறகு நீர் கசிந்தால், லேத் பட்டறைக்குக் கொடுத்த பணம் அத்தனையும் வீண். அதனால் அனுபவசாலிகள் பிளாக்கைச் சோதித்துப் பார்க்காமல் எந்த வேலையையும் தொடங்கவில்லை. மலிவாக வாங்கிய எஞ்சினின் மெய்யான விலை இந்தச் சோதனைக்குப் பிறகே தெரிந்தது.

ஏரிப் படுகையும் போரும்

இந்த வண்டிகள் ஓடிப் பார்த்த களம் மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிப் படுகைகள். மியூராக், ரோசமண்ட், ஹார்ப்பர், எல் மிராஜ் ஆகியவற்றின் தரை மைல் கணக்கில் சமமாகவும் இறுக்கமாகவும் இருந்தது. 1937இல் பல குழுக்கள் சேர்ந்து தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கத்தை நிறுவின. வேகத்தை முறையாக அளக்கும் ஏற்பாடு வந்ததால், எந்தப் பாகத்துக்குக் கொடுத்த காசு பலன் தந்தது, எது தரவில்லை என்பது அனைவருக்கும் எண்ணாகத் தெரிந்தது. வேகப் பாகத் தொழில் பிறந்தது இந்த அளவீட்டிலிருந்துதான். மெக்கானிக்காக இருந்த விக் எடல்பிராக், 1938 வாக்கில் இரண்டு கார்புரேட்டர்களைத் தாங்கும் மேனிஃபோல்டைத் தம் 1932 ரோட்ஸ்டருக்காக வடிவமைத்தார். அதே வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கும் பயன்படுத்தினார். 1941இல் அது ரோசமண்டில் மணிக்கு 121 மைல் வேகத்தைத் தொட்டது. அந்த மேனிஃபோல்டைப் பார்த்தவர்கள் கேட்டதால் அது விற்பனைக்கும் வந்தது.

இரண்டாம் உலகப் போர் பழைய கார்களை இரண்டு வகையில் அருமையாக்கியது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றதால் ஓடும் கார் எதற்கும் மதிப்பு ஏறியது. இரும்பு திரட்டும் இயக்கங்களில் பழைய வண்டிகள் பல உலைக்குப் போயின. அதே சமயம், அரசு செலவில் ஒரு தலைமுறையே வெல்டிங்கும் எஞ்சின் வேலையும் கற்றது; அந்தப் பயிற்சிக்கு எந்த ஹாட் ராட் கணக்கிலும் செலவு எழுதப்படவில்லை. போர் முடிந்ததும் ராணுவ உபரிப் பொருள்கள் சந்தைக்கு வந்தன. விமானங்களின் அடியில் தொங்கவிடப்பட்ட எரிபொருள் தொட்டியையே 1946இல் பில் பர்க் கார் பாடியாக்கினார். விமானப் பொறியாளர்களின் கணக்கில் உருவான, காற்றைக் கிழிக்கும் வடிவம் உபரி விலையில் கிடைத்தது. அதே ஆண்டில் ராணுவத்திலிருந்து விடுபட்ட அலெக்ஸ் ஸிடியாஸ், பர்பாங்க் நகரில் சோ-கால் ஸ்பீட் ஷாப் என்ற கடையைத் திறந்தார். தமக்கு வேண்டிய கேம் ஷாஃப்ட் கிடைக்கத் தாமதமானதால், எட் இஸ்கெண்டேரியன் பழைய அரைப்பு இயந்திரம் ஒன்றை வாங்கி, கேம் அரைக்கும்படி மாற்றியமைத்துத் தொழிலே தொடங்கினார்.

கூலி எழுதாத வேலை

1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனும் ராபர்ட் லிண்ட்சேயும் ‘ஹாட் ராட்’ இதழை 25 சென்ட் விலையில் கொண்டுவந்தனர். அன்று அமெரிக்காவின் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 40 சென்ட். 100 டாலருக்கு ஒரு வேகப் பாகத் தொகுதி வாங்க நினைத்தவர் அந்தக் கூலியில் 250 மணிநேரம் உழைக்க வேண்டும். ஆறு வாரத்துக்கும் மேற்பட்ட சம்பளம் அது. அதனால் காசு கொடுத்துச் செய்ய வேண்டியதைக் கையால் செய்வதே வழியாயிற்று. கூரையை அறுத்து உயரம் குறைப்பது, பாடியை அடிச்சட்டத்துக்குக் கீழே இறக்குவது, ஆக்ஸிலைச் சூடாக்கி வளைத்து வண்டியைத் தாழ்த்துவது ஆகிய எல்லாமே பொருட்செலவு குறைந்து மணிக்கணக்கு பெருத்த வேலைகள். ஒரு கூரையை அறுத்து ஒட்டினால் கதவுச் சட்டம், கண்ணாடி, பீடிங் என அத்தனையும் புதிதாக அளவெடுத்துப் பொருத்தியாக வேண்டும்.

குழுக்கள் இந்தச் சுமையைப் பகிர்ந்துகொண்டன. கேஸ் வெல்டிங் தெரிந்தவர் சட்டத்தை ஒட்டினார். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர் ஹெட்டைச் சீவினார். சீட் தைப்பவர் தம் வண்டிக்கு எஞ்சின் வேலை செய்து கொடுத்தவருக்கு மெத்தை தைத்தார். பள்ளிகளின் தொழிற்கூடங்களிலும் பல வேலைகள் நடந்தன. பண்டமாற்றுக்கு வராத மூன்று இனங்களே பையைக் காலி செய்தன: குரோம் முலாம், இறுதிப் பெயிண்ட், டயர். டிங்கர் வேலை முடிந்தும் பூச்சுக் காணாமல் சாம்பல் நிறப் பிரைமரோடு ஓடிய வண்டிகள் அந்நாளில் ஏராளம். அந்தத் தோற்றம் பலருக்கு அழகுணர்ச்சியால் வந்ததல்ல. பணம் தீர்ந்ததால் வந்தது.

பணத்தால் அளக்க முடியாத செலவும் ஒன்று இருந்தது. எஞ்சினுக்கு முதலிடம் கொடுத்து, பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் கடைசிக்குத் தள்ளிய வண்டிகள் தெருப் பந்தயங்களில் உயிர்களைப் பறித்தன. 1951இல் வாலி பார்க்ஸ் தலைமையில் தேசிய ஹாட் ராட் சங்கம் தோன்றியதன் முக்கியக் காரணம் இதுவே. அதன் பாதுகாப்புக் குழு 1954 முதல் ஊர் ஊராகச் சென்று, வண்டிகளைச் சோதித்தே ஓடுபாதையில் விடும் முறையைப் பரப்பியது. நல்ல பிரேக்கும் பாதுகாப்புப் பட்டையும் அதன் பிறகே கட்டாயச் செலவாக ஏற்கப்பட்டன.

ஷோரூமில் விற்ற வேகம்

1949இல் கெடிலாக், ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனங்கள் மேல்வால்வு வி-8 எஞ்சின்களை வெளியிட்டன. 1955இல் ஷெவர்லே கொண்டுவந்த சிறிய வி-8, 265 கன அங்குலத்தில் தொடக்கநிலையிலேயே 162 குதிரைத்திறன் தந்தது. ஃபோர்டின் பழைய எஞ்சினில் நூற்றுக்கணக்கான டாலர் கொட்டிப் பெற்ற திறனை, ஷெவர்லே எஞ்சின் எந்த வேலையும் செய்யாமலே கொடுத்தது. விபத்தில் நசுங்கிய ஷெவர்லே கார்களிலிருந்து எஞ்சினை எடுத்துப் பழைய ஃபோர்டில் ஏற்றுவது சிக்கனமான வழியாயிற்று.

அதே எஞ்சின்கள் இறுதியில் ஹாட் ராடின் காரணத்தையே கேள்விக்குள்ளாக்கின. 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓ, பெரிய எஞ்சினை நடுத்தரக் காரில் வைத்து விற்றது. 1968இன் பிளிமத் ரோட் ரன்னர் 2,896 டாலர் அடிப்படை விலையில் வந்தது. அன்றைய குறைந்தபட்சக் கூலியான 1.60 டாலரில் அது 1,810 மணிநேர உழைப்பு. ஓராண்டுச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. தவணையில் வாங்கினால் மறுநாளே ஓட்டலாம். ஓய்வு நேரம் முழுவதையும் தின்று, ஆண்டுக்கணக்கில் முடியாமல் நிற்கும் வண்டியோடு இதை ஒப்பிட்ட இளைஞர்கள் பலர் ஷோரூம் பக்கம் திரும்பினர்.

புதிதாய்ச் செய்த பழமை

1970இல் இலினாய் மாநிலத்தின் பியோரியாவில் முதல் தேசிய ஸ்ட்ரீட் ராட் கூடுகை நடந்தது. இம்முறை வந்தவர்கள் பந்தயத்துக்காக வரவில்லை. இளமையில் கட்ட நினைத்ததை நடுவயதில் கட்டியவர்கள் அவர்களில் நிறையப் பேர். இதற்குள் 1932 ஃபோர்டு அரிதாகிவிட்டது. அந்த இடத்தை ஃபைபர் கிளாஸ் பாடிகள் நிரப்பின. மாடல் டியின் வடிவில் வந்த டி-பக்கெட் தொகுதிகள் நீண்ட காலம் மிகக் குறைந்த செலவிலான வழியாக இருந்தன. கதவு, கூரை, கண்ணாடி வேலை அவற்றில் ஏறக்குறைய இல்லாததே அதற்குக் காரணம். பின்னர் ஒஹாயோவின் புரூக்வில் ரோட்ஸ்டர் நிறுவனம் மாடல் ஏ, 1932 ரோட்ஸ்டர் பாடிகளை எஃகிலேயே புதிதாக அச்சிட்டுத் தந்தது. ஒரு முழுக் காருக்கு 460 டாலர் கேட்ட வடிவத்தின் வெறும் பாடி இன்று பத்தாயிரம் டாலரைத் தாண்டுகிறது. 1997இல் பெபிள் பீச் கார் கண்காட்சி ஹாட் ராடுகளுக்குத் தனிப்பிரிவு அமைத்து, டோன் ஸ்பென்சரின் 1932 ரோட்ஸ்டருக்கு முதலிடம் தந்தது.

இந்த விலையேற்றத்தை மறுத்து 1990களில் ரேட் ராட் (எலி ராட்) எனப்படும் வண்டிகள் பரவின. துருவை மறைக்காத பாடி, கையில் கிடைத்த எஞ்சின், முலாம் பூசாத உலோகம் என அவை முதல் தலைமுறையின் சிக்கனத்துக்குத் திரும்பின. ஆனால் தாறுமாறான வெல்டிங்கும் தளர்ந்த ஸ்டீயரிங்கும் கொண்ட வண்டிகளும் அவற்றுள் இருந்தன.

இன்றைய கணக்கு

இன்று குறைந்த செலவில் கட்டுவோருக்குக் காயலான் கடையில் எளிதாகக் கிடைப்பது, ஜெனரல் மோட்டார்ஸ் 1999 முதல் பிக்கப் லாரிகளில் வைத்த 4.8, 5.3 லிட்டர் வி-8 எஞ்சின்கள். எஞ்சின் மலிவுதான்; ஆனால் அதை ஓட வைக்கும் கணினி, வயரிங், உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப், புதிய எஞ்சின் மவுண்ட், பொருந்தும் ரேடியேட்டர் ஆகியவை சேர்ந்து எஞ்சினின் விலையை மிஞ்சிவிடலாம். பட்ஜெட் போடுவோர் பொதுவாகப் பாடி, எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம் ஆகிய பெரிய இனங்களை எழுதுகின்றனர். போல்ட், பிரேக் குழாய், வயர், ரப்பர், கண்ணாடி, வெல்டிங் கேஸ், உப்புத்தாள், பிரைமர், பதிவுக் கட்டணம், காப்பீடு போன்ற சிறு இனங்கள் தாளில் ஏறுவதில்லை. கடைசிக் கட்டத்தில் வண்டியை நிறுத்தி வைப்பவை பெரும்பாலும் இவைதான்.

பாதியில் நின்ற வண்டியை வாங்குவது இக்காரணத்தாலேயே பெரும்பாலும் சிக்கனமானது. முதலில் கட்டத் தொடங்கியவர் போட்ட பணத்தில் ஒரு பகுதியே விற்கும்போது திரும்பி வருகிறது. எஞ்சிய நஷ்டம் வாங்குபவருக்கு லாபம். 1930களில் கழித்துக்கட்டிய மாடல் ஏயை வாங்கியவருக்குக் கிடைத்ததும் இதே லாபம்தான். மலிவான ஹாட் ராட் அன்றும் இன்றும், இன்னொருவர் ஏற்ற தேய்மானத்தையும் கட்டுபவரின் கணக்கில் ஏறாத மணிநேரத்தையும் கொண்டே சாத்தியமாகிறது. அவ்விரண்டையும் டாலராக மாற்றி எழுதினால், ஷோரூமில் நிற்கும் காரைவிட விலை குறைந்த ஹாட் ராட் எந்தத் தலைமுறையிலும் மிகச் சிலவே.