மதிலைத் தின்னும் உப்பு

தில்லியில் வாழும் தமிழர், ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்லும் இடம் பெரும்பாலும் செங்கோட்டையே. ஷாஜஹான் 1639இல் தொடங்கி 1648இல் நிறைவேற்றிய அக்கோட்டையின் மதில் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் சுற்றளவுடையது. லாகூர் வாயிலில் நின்று அண்ணாந்து வியக்கிறோம். மதிலின் அடிப்பகுதியைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலர்.

நோக்குதல் வேண்டும். மணற்கல்லால் எழுப்பிய பழஞ்சுவர்களில் கல் பொடிந்து உதிரும் பகுதி, பெரும்பாலும் தரைக்குச் சற்று மேலேயே காணப்படும். காலம் தின்றது என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் தின்பது உப்பு.

விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல, நுண்துளைகள் நிறைந்த கல்லும் காரையும் நிலத்தின் ஈரத்தை மேலே ஈர்க்கின்றன. மண்ணிலுள்ள உப்பு அந்நீரில் கரைந்து உடன் ஏறுகிறது. ஒரு மட்டத்திற்கு மேல் வெயிலும் காற்றும் நீரை உலர்த்திவிட, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. வெளிமுகத்தில் படிந்தால் வெள்ளை பூத்ததோடு போயிற்று. உள்ளே படிந்தாலோ, வளரும் படிகம் துளைகளை நெருக்கி உடைக்கிறது. மழையில் கரைவதும் கோடையில் இறுகுவதுமாக ஆண்டுதோறும் இது நிகழ, கல் ஏடு ஏடாகப் பெயர்கிறது.

பழங்காலக் கொத்தர்கள் இட்ட காரை, சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கற்பொடியும் கலந்தது, கல்லைவிட மென்மையானது, ஈரத்தைத் தன் வழியே வெளியே விடுவது. உப்பு முதலில் அதையே அரிக்கும். அரித்தபின் சுரண்டிப் புதிதாக இடலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்த நம் கோயிற் காரையும் இவ்வினத்ததே.

1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமை பெற்றார். பின்னாளில் அது எங்கும் எளிதாகக் கிடைக்கவே, பழஞ்சுவர்களைப் பழுதுபார்த்தோர் கல்லிடுக்குகளில் அதனை அப்பினர். நல்லெண்ணந்தான். எனினும் சிமெண்டு கடினமானது. ஈரத்தை எளிதில் விடாது. அடைபட்ட ஈரம் கல்லின் வழியே வெளியேற, உப்பும் கல்லுக்குள்ளேயே படிகிறது. போதாக்குறைக்குச் சிமெண்டும் தன் பங்குக்கு உப்பைக் கொணர்கிறது. ஆண்டுகள் சில சென்றபின் அத்தகைய சுவரில் கல் குழிந்து உட்சென்றிருக்கும். சிமெண்டு மட்டும் வயல் வரப்புப்போல் துருத்தி நிற்கும்.

இன்று இத்தகைய சுவர்களில் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பு இடுகிறார்கள். உளி சற்றுத் தவறினும் கல்லின் விளிம்பு உடையும். ஆகவே சிற்சில இடங்களில் தொடாமல் விட்டுவிடவும் நேர்கிறது. சுண்ணாம்போ, காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல இறுகுவது. ஈரச்சாக்குப் போர்த்தி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை.